4480 மூடியாச்சா?

அவளுக்கு ரெட்டைப்பூட்டு என்று பெயர் வைத்தவள் நான்தான். சாமான் அறையைப் பூட்டுவாள், பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்ப்பாள், படியிறங்கி வாசல்வரை போவாள், நின்று யோசிப்பாள், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் வீட்டுக்காரர் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு ஹார்ன் அடிப்பார். "பூட்டுகிட்ட சொல்லிக்கிட்டு வந்துட்டியா, இல்ல இன்னும் பேச்சு பாக்கி இருக்கா?" என்பார். அவளுக்குக் கோபம் வராது. "இருங்க, வீட்டுல கேஸ மூடினேனான்னு வேற தெரியல" என்று சொல்லி அவர் வயிற்றைக் கலக்கிவிடுவாள்.

எங்களுடையது லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி. முந்நூற்றுச் சொச்சம் கட்டடங்கள். எங்கே எந்த லிஃப்ட் நின்றாலும் புகார் மேசைக்குத்தான் போன் வரும். அந்த மேசையில் மூன்று பேர், மூவரில் மூத்தவள் நான். இருபத்திரண்டு வருடமாக ஊரார் திட்டுவதைக் காதில் வாங்கிச் சம்பளம் எடுக்கிறவள். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம் என்று ஆபீஸில் சொல்வார்கள். நீளம்தான், யார் இல்லை என்றது?

ரெட்டைப்பூட்டு முதலில் சாமான் அறையில் இருந்தாள். மெக்கானிக்குகளுக்கு உதிரி பாகம் எடுத்துக் கொடுத்து, மூன்று நோட்டில் எழுதி, மூன்றும் ஒத்துப்போகவில்லை என்று திட்டு வாங்குகிற வேலை. அந்த நாட்களில் அவள் வீட்டில் ஒன்று நடந்தது. மாமியாருக்கு இருதயத்துக்கு மாத்திரை. காலையில் இவள் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள், கொடுத்தது தெரியாமல் வீட்டுக்காரர் இன்னொன்று கொடுத்தார். அந்த அம்மா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். மறுநாளே இவள் சமையலறைச் சுவரில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒரு அட்டவணை ஒட்டினாள். நாள், நேரம், எந்த மாத்திரை, யார் கொடுத்தது. கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இருந்தால் அதற்குமேல் யாரும் யாரையும் கேள்வி கேட்கக் கூடாது. "அதுதான்க்கா நான் போட்ட மொத டேபிள்" என்று பிறகு என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

முப்பத்து மூன்று வயதில் மாலை வகுப்பில் சேர்ந்தாள். தன்னைவிடப் பத்து வயது சின்னவர்களோடு உட்கார்ந்து டேட்டாபேஸ் படித்தாள். சாமான் அறையின் மூன்று நோட்டையும் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனாள். ஒரு வருடமாக உதிரி பாகத்துக்காக யாரும் சட்டையைப் பிடித்துக்கொள்ளவில்லை என்பதை மேலாளர் மெதுவாகத்தான் கவனித்தார். கவனித்ததும் அவளை மாடிக்குக் கொண்டுவந்து என் பக்கத்து மேசையில் உட்கார வைத்தார். வந்த முதல் வாரமே எனக்குப் பாடம் எடுத்தாள்.

"ஒரு விஷயத்த ஒரு இடத்துலதான் எழுதணும்க்கா. கட்டடம் ஒரு டேபிள்ல, போன் பண்றவங்க ஒரு டேபிள்ல, புகார் ஒரு டேபிள்ல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். அந்த நம்பர வச்சு ஒண்ணோட ஒண்ணு சேத்துக்கலாம்."

"அப்ப ஆளுக்கு மதிப்பில்ல, நம்பருக்குத்தான் மதிப்புன்னு சொல்லு" என்றேன்.

"நம்பர் பொய் சொல்லாதுக்கா" என்றாள். நன்றாக நினைவிருக்கிறது.

எங்கள் புகார் மென்பொருளுக்கு வருவோம். அது வாங்கிய நாளிலிருந்து, கூடவே வந்த ஒரு சின்னக் கோப்பில்தான் எல்லாப் புகாரையும் எழுதிவந்தது. இது பழகிப் பார்ப்பதற்கு மட்டும், வேலையைத் தொடங்குமுன் முறையான டேட்டாபேஸில் இணைத்துக்கொள்ளவும் என்று முதல் பக்கத்திலேயே எச்சரிக்கை இருந்ததாம். யார் படித்தார்கள்? ஐந்து வருடம் அதிலேயே ஓட்டினோம். புகார் ஆறாயிரத்தைத் தாண்டியதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் தட்டினால் திரை உறைந்து நிற்க ஆரம்பித்தது. லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டு கத்துகிறார், நான் இங்கே சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாள் புகாரை நோட்டில் எழுதிச் சமாளிப்பது, அதற்குள் ரெட்டைப்பூட்டு புது டேட்டாபேஸை அமைத்து, பழைய புகார்களை அதில் ஏற்றி, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் திறந்துவிடுவது. இதுதான் ஏற்பாடு.

இங்கே எங்கள் சிவப்பு அட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லிஃப்ட் கிணற்றுக்குள் இறங்கும் மெக்கானிக் முதலில் மேலே மெஷின் அறைக்குப் போய் மின்சாரத்தை நிறுத்துவார். நிறுத்திய கைப்பிடியில் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிடுவார். அதில் புகார் எண் மட்டும் பெரிதாக எழுதியிருக்கும். வேறு யாராவது மின்சாரம் போட நினைத்தால் எங்களுக்குப் போன் செய்து, அந்த எண்ணைச் சொல்லி, மூடியாச்சா என்று கேட்க வேண்டும். மூடியாச்சு என்று நாங்கள் சொன்னால் அட்டையைக் கழற்றலாம். கட்டடத்தின் பெயரைக் கேட்கிற வழக்கமே கிடையாது. அவர்களும் சொல்ல மாட்டார்கள், நாங்களும் கேட்க மாட்டோம். எண்ணைத் தட்டுவோம், பச்சை என்றால் மூடியாச்சு, சிவப்பு என்றால் இல்லை. அந்தக் கைப்பிடியில் பூட்டும் போட வேண்டும் என்று சட்டம் இருந்தது. பூட்டுகள் எப்போதோ தொலைந்துவிட்டன, எண் மட்டும் தொலையாது என்று எல்லாரும் நம்பினோம்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை கயிறு அண்ணன் மாடி ஏறி வந்தார். லிஃப்ட் கயிறு மாற்றுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை, அதனால் அந்தப் பெயர். மென்பொருள், டேட்டாபேஸ் என்றாலே அவருக்கு முகம் சுளிக்கும். ரெட்டைப்பூட்டின் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றார்.

"நீ என்ன வேணா மாத்திக்கம்மா. நம்பர் மட்டும் மாறக் கூடாது."

"மாறாதுண்ணே."

"என்னோடது நாலாயிரத்து நானூத்தி எண்பது. ஒன்பது மாடிக் கட்டடம், கயிறு தேயுதுன்னு போன வருஷமே எழுதின புகார். மூணு வாரமா லிஃப்ட நிறுத்திட்டு கயிறுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன், அட்ட தொங்குது. திங்கக்கிழமை கயிறு வருது, எறங்குறேன். குழியில இருக்கிற ஸ்டாப் பட்டனும் செத்துப்போச்சு, அதையும் அதுலயே எழுதியிருக்கேன். எனக்கு அந்த நம்பரத் தவிர வேற காவல் கெடையாது."

"அந்தப் புகாரயே வச்சு ரெண்டு தடவ சரிபாக்குறேன்ணே. போதுமா?"

அவர் சிரித்தார். "ஒன் பேருதான் ரெட்டைப்பூட்டாச்சே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். காலையிலிருந்து அவள் கண் திரையை விட்டு எடுபடவில்லை. சர்வரில் டேட்டாபேஸை நிறுவி, மென்பொருளுக்கென்று தனிப் பயனரை உருவாக்கி, அதற்குத் தேவையான அளவு மட்டும் அதிகாரம் கொடுத்து, மென்பொருளை அதோடு இணைத்துவிட்டாள். காலி டேபிள்கள் வரிசையாக எழும்பிவிட்டன. ஆனால் பழைய புகார்களை ஏற்ற மென்பொருளோடு வந்த கருவி பாதியில் திணறி விழுந்தது. தானே எழுதி ஏற்ற வேண்டியதாயிற்று.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். பழைய கோப்புல எப்பவாச்சும் எந்தப் புகாரயாச்சும் அழிச்சிருக்கீங்களா? நடுவுல நம்பர் எதுவும் விட்டுப்போயிருக்குமா?"

"ஏன் கேக்குற?"

"புது டேபிள்ல நம்பர் தானா ஒண்ணொண்ணா ஏறும். நடுவுல எதுவும் விட்டுப்போகலன்னா, வரிசையா ஏத்தினாப் போதும், பழைய நம்பரே வந்துடும். விட்டுப்போயிருந்தா வேற மாதிரி ஏத்தணும். அழிக்கிற உரிமை உங்க ஒருத்தருக்குத்தானே இருக்கு, அதான் உங்களயே கேட்டுடலாம்னு."

அழித்திருந்தேன். ஒன்று இரண்டு இல்லை.

ஒரே பழுதுக்கு இரண்டு பேர் போன் செய்தால் இரண்டாவதை அழிக்கக் கூடாது, இரட்டை என்று குறித்து வைக்க வேண்டும் என்று மேலாளர் இரண்டு வருடத்துக்கு முன்பே உத்தரவு போட்டிருந்தார். குறித்து வைக்க நாலு இடத்தில் தட்ட வேண்டும். அழிக்க ஒரே தட்டு. அதுவும் ஒன்பதாம் மாடி அம்மா என்று ஒருத்தர் இருந்தார், கயிறு அண்ணன் சொன்ன அதே கட்டடம்தான். லிஃப்ட் நின்றால் ஒரு மணி நேரத்தில் ஆறு தடவை கூப்பிடுவார். ஒவ்வொரு தடவையும் புதுப் புகார் எண் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பார். எண்ணைக் கொடுப்பேன், போனை வைப்பேன், அழிப்பேன். அதில் ஒரு குரூர சந்தோஷம்கூட இருந்தது, மறைப்பானேன்.

இதையெல்லாம் சொன்னால் அவள் நல்லவள், யாரிடமும் போட்டுக் கொடுக்க மாட்டாள். ஆனால் மேலாளர் அறைக் கதவு திறந்திருந்தது.

"நானா? நான் எதுக்கு அழிக்கப் போறேன்?" என்றேன். குரலில் கொஞ்சம் கோபத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

"சரிக்கா" என்று திரும்பிக்கொண்டாள். அடுப்பு, பூட்டு, மாத்திரை என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கிறவள். நான் சொன்னதை இரண்டாவது தடவை பார்க்கவில்லை. கையெழுத்து இருந்தால் கேள்வி கேட்கக் கூடாது என்பது அவள் வீட்டுச் சட்டம். நான் எழுந்து டீ குடிக்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்தாள். "எல்லாம் ஏறிடுச்சுக்கா. அங்க ஆறாயிரத்து எரநூத்தி மூணு, இங்கயும் ஆறாயிரத்து எரநூத்தி மூணு. ரெண்டு தடவ எண்ணிட்டேன். கயிறு அண்ணனோடத கட்டடத்துப் பேரப் போட்டுத் தேடி எடுத்துப் பாத்தேன். ஃபோட்டோ, குறிப்பு, அந்த செத்துப்போன பட்டன், எல்லாம் அப்படியே இருக்கு. தொறந்துதான் இருக்கு." அவ்வளவு சந்தோஷமான குரலை அவளிடம் நான் கேட்டதில்லை. கட்டடத்தின் பெயரைப் போட்டுத் தேடியவள், மூலையில் சாம்பல் நிறத்தில் பொடியாக இருந்த எண்ணைப் பார்க்கவில்லை. பத்தொன்பது எண் முன்னால் நகர்ந்து, அங்கே 4461 என்று இருந்தது.

திங்கட்கிழமை காலை திரை பறந்தது. தட்டினால் பதில், தட்டினால் பதில். மேலாளர் வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போவதுதான் பாராட்டு.

பதினொன்று பத்துக்கு என் போன் அடித்தது. யாரோ ஒரு ஆண் குரல், மூச்சு வாங்கிக்கொண்டே பேசியது.

"மேடம், நாலாயிரத்து நானூத்தி எண்பது மூடியாச்சா?"

தட்டினேன். பச்சை.

"மூடியாச்சு."

"அப்பாடா. நன்றி மேடம்." வைத்துவிட்டார்.

நானும் அடுத்த போனுக்குக் கை நீட்டினேன். பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

"எத்தனன்னு சொன்னாங்கக்கா?"

"நாலாயிரத்து நானூத்தி எண்பது."

"அது கயிறு அண்ணனோடது. அது தொறந்துதானே இருக்கு. நீங்க என்ன சொன்னீங்க?"

என் திரையைப் பார்த்தாள். 4480. வேறு ஏதோ கட்டடம், லிஃப்டுக்குள் விளக்கு எரியவில்லை, பல்பு மாற்றியாயிற்று, மூடப்பட்டது. அவள் கத்துவாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. "யாரும் எந்த நம்பருக்கும் மூடியாச்சுன்னு சொல்லாதீங்க! கேட்டா மூடலன்னு சொல்லுங்க! எல்லாத்துக்கும் மூடலன்னு சொல்லுங்க!" என்று அறை அதிரக் கத்தினாள். மற்ற இரண்டு பெண்களும் போனைப் பிடித்தபடி சிலையாகிவிட்டார்கள்.

வந்த எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிட்டேன். அது கட்டடத்தின் தரைத்தளத்தில் காவலாளி மேசைப் போன். அடித்துக்கொண்டே இருந்தது. காவலாளி இடத்தில் இல்லை. பேசியவர் அந்தக் கட்டடத்து எலெக்ட்ரீஷியன் என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்று வாரமாக ஒன்பது மாடி ஏறி இறங்குகிற குடியிருப்போர் அவரைப் பிய்த்துப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கயிறு அண்ணனும் அவர் கூட்டாளியும் காலை எட்டு மணிக்கே பின்வாசல் வழியாக வந்தது அவருக்குத் தெரியாது. மேலே போய் அட்டையைப் பார்த்தார், வேலை முடிந்தும் மறந்துபோய் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தார். நாங்கள் மறப்பது வழக்கம்தான். எண்ணைக் குறித்துக்கொண்டு கீழே இறங்கி வந்து என்னைக் கேட்டார். இப்போது மறுபடியும் மேலே ஏறிக்கொண்டிருந்தார். ஒன்பது மாடி, அதற்குமேல் மெஷின் அறை.

கயிறு அண்ணனின் போனுக்கு அடித்தேன். அடித்தது, எடுக்கவில்லை. விடாமல் அடித்துக்கொண்டே இரு என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னேன். குழிக்குள் இறங்கும்போது போனைப் பையில் போட்டு மெஷின் அறையில் வைத்துவிடுவார். கயிற்றுச் சுருளை எடுக்கப் போயிருந்த கூட்டாளியின் போன் அணைந்திருந்தது.

லிஃப்ட் இரண்டாவது மாடியில் நின்றுகொண்டிருந்தது. மின்சாரம் வந்ததும் அது தானாகத் தரைத்தளத்துக்கு இறங்கி நிற்கும். அந்த மாதிரி லிஃப்ட் எல்லாம் அப்படித்தான். கீழே குழியில் கயிறு அண்ணன். நிறுத்துகிற பட்டன் செத்துப்போயிருந்தது.

"எத்தன மாடி ஏறியிருப்பாரு?" என்றேன்.

அவள் டேட்டாபேஸோடு நேராகப் பேசுகிற கருப்புத் திரை ஒன்றைத் திறந்து தட்டிக்கொண்டிருந்தாள். தப்பாகத் தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். "கட்டடம், போன் பண்ணவங்க, புகார், மூணையும் சேத்துட்டா இந்தக் கட்டடத்துலேர்ந்து இதுவர கூப்பிட்ட எல்லா நம்பரும் வரும்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். "வரணும். வரணும்." பழைய கோப்பில் அதைக் கேட்டிருந்தால் திரை உறைந்துபோய் நாங்களும் கூடவே உறைந்திருப்போம். இங்கே கண் இமைப்பதற்குள் பதினான்கு எண்கள் வரிசையாக விழுந்தன. அதிகம் கூப்பிட்டவர் முதலில்.

"நீங்க மேலேர்ந்து, நான் கீழேர்ந்து" என்றாள்.

முதல் எண்ணைப் பார்த்ததும் என் கை நின்றது. ஒன்பதாம் மாடி அம்மா. நாற்பத்தாறு புகார். நான் அழித்தது போக நாற்பத்தாறு.

இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்.

"அம்மா, லிஃப்ட் கம்பெனிலேர்ந்து..."

"ஓகோ! ஒரு வழியா நீங்களே கூப்பிடுறீங்களா? இன்னிக்கு எந்தப் பக்கம் சூரியன் உதிச்சுது? நான் போன வாரம் குடுத்த புகார் நம்பர் என்னாச்சுன்னு..."

"அம்மா, உங்க கால்ல விழறேன். கதவத் தொறந்து வெளிய போங்க. எலெக்ட்ரீஷியன் மெஷின் ரூமுக்கு ஏறிட்டு இருக்காரு. அவரு கரண்ட் போட்டா கீழ ஒரு ஆள் செத்துடுவாரு. நிறுத்துங்கம்மா."

"எனக்கு முட்டி வலி" என்று ஆரம்பித்தவர், பிறகு எதையோ டமாலென்று கீழே வைத்தார். போனைத்தான் வைத்திருக்கிறார், துண்டிக்கவில்லை. தாழ்ப்பாள் இழுபடுகிற சத்தம் கேட்டது. காலடி கேட்டது. அப்புறம் அந்தக் குரல். எத்தனையோ மத்தியானம் என் காதைக் கிழித்த குரல், படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது.

"டேய்! கைய எடு! எடுடா கைய!"

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ரெட்டைப்பூட்டு தன் போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலாளர் அறை வாசலில் நின்றார். எனக்கு வேண்டிய சாமி, வேண்டாத சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். என் வாய்க்குள் ஒரே ஒரு வார்த்தைதான் சுற்றிச் சுற்றி வந்தது. மூடியாச்சு, மூடியாச்சு, மூடியாச்சு.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. போன் மறுபடி கையில் எடுக்கப்படும் சத்தம் கேட்டது.

"நிறுத்திட்டேன்" என்றார் ஒன்பதாம் மாடி அம்மா. அவருக்கும் மூச்சு வாங்கியது. "அட்டயக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறான், மடையன். உள்ள ஏதோ பையில போன் அடிச்சுக்கிட்டே இருக்காம், யாருதுன்னு பாத்துக்கிட்டு நின்னானாம். இல்லன்னா போட்டிருப்பான். கீழ யாரு இருக்கா?"

"எங்க ஆளு" என்றேன். அதற்குமேல் முடியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். இருபத்திரண்டு வருடத்தில் அந்த மேசையில் நான் அழுதது அன்றைக்குத்தான்.

மத்தியானம் ரெட்டைப்பூட்டு சாப்பிடவில்லை. பழைய கோப்பை இரண்டு இடத்தில் பத்திரமாக வைத்திருந்தாள், அவள் வைக்காமல் இருப்பாளா? அன்று காலை வந்த புகார்களைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, புது டேபிளைக் காலி செய்துவிட்டு, இந்தத் தடவை ஒவ்வொரு புகாரையும் அதனதன் பழைய எண்ணோடு ஏற்றினாள். கடைசி எண் 6234. மொத்தம் 6203. அந்தக் கழித்தலைச் சனிக்கிழமையே போட்டிருந்தால் என்று அவள் யோசித்திருப்பாள். முப்பத்தொன்று குறைகிறது. அழித்தவர் யார், எந்தத் தேதியில் என்பதையெல்லாம் பழைய கோப்பு ஒரு ஓரமாக எழுதி வைத்திருந்தது. அவள் அதைத் திறந்து படிப்பதை நான் பார்த்தேன். முப்பத்தொரு வரியிலும் ஒரே பெயர்.

படித்துவிட்டு மூடினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாலு மணிக்கு மேலாளர் எங்கள் எல்லாரையும் நிற்க வைத்தார். கயிறு அண்ணனும் வந்திருந்தார், உடையெல்லாம் கிரீஸ். சிவப்பு அட்டை அவர் கையில் இருந்தது.

"நம்பர் எப்படி மாறுச்சு?" என்றார் மேலாளர்.

"தானா ஏறட்டும்னு விட்டது நான்தான் சார்" என்றாள் அவள். "மாறாதுன்னு அண்ணன்கிட்ட வாக்கு குடுத்தேன். நம்பரப் பாக்கல. என் தப்பு."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் சொல்ல அவளிடம் முப்பத்தொரு வரி இருந்தது. சொல்லவில்லை. மேலாளர் அவளைப் பார்த்த பார்வையில், சாமான் அறைக்கே திருப்பி அனுப்பிவிடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சார், நான்தான் அழிச்சேன்" என்றேன். "முப்பத்தொண்ணு. சனிக்கிழமை இவ என்னக் கேட்டா. இல்லன்னு பொய் சொன்னேன்."

கயிறு அண்ணன் என்னை ஏறிட்டுப் பார்த்தார். இத்தனை வருடமாக என்னை அவரும் அவரை நானும் கிண்டல் பண்ணிக்கொண்டே காலம் தள்ளியவர்கள். கோபமாகப் பார்த்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. சிவப்பு அட்டையை என் மேசைமேல் வைத்தார்.

"எனக்கு ரெண்டு பொண்ணு" என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. அழிக்கிற உரிமையை எடுத்துவிட்டார்கள், மூத்தவள் என்ற பட்டத்தையும். மெக்கானிக்குகளுக்குப் பூட்டு வந்தது, ஆளுக்கு ஒன்று, சாவி அவரவர் கழுத்தில். இப்போது யாராவது எண்ணைச் சொன்னால், எந்தக் கட்டடம், உள்ளே யார் என்று கேட்டு, இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் வாயைத் திறக்கிறோம். ஒன்பதாம் மாடி அம்மா இன்னும் ஆறு தடவை கூப்பிடுகிறார். ஆறு எண் கொடுக்கிறேன், ஆறும் இருக்கிறது, நாலு நாலு இடத்தில் தட்டி இரட்டை என்று குறிக்கிறேன்.

ரெட்டைப்பூட்டு அதே மேசையில்தான் இருக்கிறாள். அவள் அமைத்த டேட்டாபேஸ் அன்றிலிருந்து ஒரு நாளும் நின்றதில்லை. என்னோடு பேசுகிறாள், சிரிக்கிறாள், மாமியார் உடம்பைப் பற்றிச் சொல்கிறாள். மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன், கேட்க தைரியம் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் கடைசியாக நான்தான் கிளம்பினேன். சாமான் அறையைப் பூட்டிவிட்டு வாசலுக்கு வந்தேன். அவள் வேனில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"பூட்டிட்டேன்மா, நீ போ" என்றேன்.

"சரிக்கா" என்றாள்.

பிறகு வேனிலிருந்து இறங்கி, என்னைக் கடந்து படியேறிப் போய், பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.